இரண்டு மணி நேர வாடகைக்கு ஒரு புல்தரை: சான் பிரான்சிஸ்கோவில் பார்க்கிங் இடம் பெஞ்சான கதை

2005 நவம்பர் 16. சான் பிரான்சிஸ்கோவின் நகர மையத்தில், மிஷன் தெருவோரம் கார் நிறுத்தும் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. சில பேர் வந்து மீட்டரில் காசு போடுகிறார்கள். கார் எதுவும் வரவில்லை. சுருட்டிக் கொண்டுவந்த புல்தரையைத் தார் மேல் விரிக்கிறார்கள். தொட்டியோடு ஒரு மரத்தை இறக்குகிறார்கள், பக்கத்தில் ஒரு பெஞ்ச். அவ்வளவுதான். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிறார்.

அந்த மீட்டர் அனுமதிக்கும் நேரம் அதிகபட்சம் இரண்டு மணி. நேரம் முடிந்ததும் புல்லைச் சுருட்டி, பெஞ்சையும் மரத்தையும் ஏற்றி, அந்த இடத்தைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

செய்தது ரீபார் என்ற சின்னக் கலை, வடிவமைப்புக் குழு. மேத்யூ பாஸ்மோர், ஜான் பேலா, பிளேன் மெர்க்கர் ஆகிய மூவர் அதன் மையம். பாஸ்மோர் சட்டம் படித்தவர். அதனால்தானோ என்னவோ, இந்தக் குறும்பு வெறும் குறும்பாக நின்றுவிடவில்லை. மீட்டருக்குக் காசு போட்டவர் அந்த இடத்தில் காரைத்தான் நிறுத்தியாக வேண்டும் என்று நகரச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படியானால் மீட்டரில் விழும் சில்லறை, தெருவின் ஒரு துண்டு நிலத்துக்குத் தரும் குறுகிய கால வாடகை. வாடகைக்கு எடுத்தவர் அங்கே காரை வைப்பதும் புல்லை விரிப்பதும் அவர் இஷ்டம்.

மீட்டர் பிறந்த கதையைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் பொருந்துகிறது. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் நின்றது. யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியருடையது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களே காலையில் காரை விட்டுவிட்டு மாலைவரை எடுக்காமல் இருந்தார்கள், கடைக்கு வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆக, தெருவோரம் ஒருவரே நாள் முழுக்க அடைத்துக்கொள்ளும் இடமில்லை, பலரும் மாறி மாறிப் பயன்படுத்த வேண்டியது என்பதற்காகத்தான் மீட்டரே வந்தது. 70 வருஷம் கழித்து ரீபார் செய்தது, அந்தக் கருவியின் தர்க்கத்தைக் கடைசிவரை படித்துப் பார்த்ததுதான்.

தெருவோரமாக ஒரு கார் நிற்க ஏறக்குறைய 20 அடி நீளமும் 6 முதல் 8 அடி அகலமும் வேண்டும். ஒரு சிறிய படுக்கையறை அளவு. சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தின் திறந்தவெளியில் 70 சதவீதத்துக்கு மேல் தனியார் வாகனங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது ரீபார் அப்போது முன்வைத்த கணக்கு. அந்தக் கணக்கைப் படித்து மனம் மாறியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் கார்களுக்கு நடுவே புல்லும், அதன் மேல் பெஞ்சில் ஆட்களும் இருந்த அந்த ஒரு புகைப்படம் இணையத்தில் ஊர் ஊராகப் போனது. எங்கள் ஊரிலும் வந்து செய்யுங்கள் என்று அழைப்புகள் வரத் தொடங்கின. ரீபார் போய்ச் செய்யவில்லை. செய்முறையை எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஒரே நிபந்தனை, இதில் வியாபாரம் கூடாது. செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை பார்க்கிங் டே ஆனது. 2011இல் 35 நாடுகளில், 162 நகரங்களில் 975 குட்டிப் பூங்காக்கள் ஒரே நாளில் முளைத்து, அன்றே மறைந்தன.

வியாபாரம் கூடாது என்ற அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை பின்னால் அங்கேதான் திரும்புகிறது.

பார்க்கிங் இடத்தில் போடும் இப்படிப்பட்ட குட்டிப் பூங்காவுக்குப் பிறகு வந்த பெயர் பார்க்லெட். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரப்பலகையைப் பற்றியும் செடிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது, அதைத் துடைக்கிற துணி யார் கையில் இருக்கிறது என்பது. 2005இல் விரித்தவர்களே பெருக்கிவிட்டும் போனார்கள். இரண்டு மணி நேரத்துக்கு அது முடியும். இரண்டு வருஷத்துக்கு யார் பெருக்குவது? சான் பிரான்சிஸ்கோ இதற்கு ஒரு பதில் சொன்னது. அந்தப் பதில்தான் பிறகு நடந்த எல்லாவற்றையும், நல்லதையும் கோணலானதையும், தீர்மானித்தது என்பது என் கட்சி.

குறும்பு அனுமதிச் சீட்டானது

2009இல் மேயர் கேவின் நியூசம் காலத்தில் நகர நிர்வாகம் 'பேவ்மென்ட் டு பார்க்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நியூயார்க்கில் ஜேனட் சாடிக்-கான் போக்குவரத்துத் துறை ஆணையராக இருந்து, டைம்ஸ் சதுக்கத்தில் கார்களை நிறுத்தி நாற்காலிகளைப் போட்ட வருஷம் அது. தெருவை உடைத்துக் கட்ட வருஷக்கணக்கில் ஆகும்; பெயின்ட், தொட்டி, நாற்காலி வைத்து முதலில் செய்து பார்ப்போம், சரிவரவில்லையென்றால் எடுத்துவிடுவோம் என்பது அந்த முறை. சான் பிரான்சிஸ்கோவில் முதலில் காஸ்ட்ரோ என்ற பகுதியில் 17ஆம் தெருவின் ஒரு துண்டு கார்களிடமிருந்து மீட்கப்பட்டது. அது ஒரு சதுக்கம். பார்க்கிங் இடத்தைத் தொட்டது அடுத்த வருஷம்.

2010 மார்ச்சில், டிவிசடேரோ தெருவில் மோஜோ என்ற சைக்கிள் கடையும் காபிக்கடையும் சேர்ந்த இடத்துக்கு முன்னால் முதல் பார்க்லெட் திறந்தது. பெயர் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. பார்க் என்ற சொல்லுக்கு ஒரு குட்டி. நடைபாதை மட்டத்துக்கு ஒரு மேடை, அதில் நாலைந்து மேசை, நாற்காலி, ஓரத்தில் செடி, சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி. ஐந்து வருஷத்துக்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தது, இப்போது வருடாந்திர அனுமதியோடு நின்றது.

அரை அங்குல விவகாரம்

ஒரு மேடை போடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நகரம் பிறகு வெளியிட்ட பார்க்லெட் கையேட்டைப் படித்தால் இந்த எண்ணம் போய்விடும். இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன், ஏனென்றால் பிற ஊர்களில் பல முயற்சிகள் சறுக்கியது இங்கேதான்.

முதலில் தரை. தெரு பார்க்கத் தட்டையாக இருக்கும், இருக்காது. நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும். மழை நீர் ஓரத்துக்கு வந்து, நடைபாதையின் விளிம்புக்கல்லை ஒட்டி ஓடி, சாக்கடை வாய்க்குப் போய்ச் சேரும். பார்க்லெட் உட்காருவது சரியாக அந்த ஓட்டத்தின் மேல். மேடையின் அடியில் தண்ணீர் போக வழி விட வேண்டும். வழி விட்டால் மட்டும் போதாது, காய்ந்த இலையும் காபிக் குவளையும் உள்ளே போய் அடைக்காமல் இரண்டு முனையிலும் வலை வேண்டும். வலை போட்டாலும் ஒருநாள் அடைக்கும். அப்போது கழற்றிச் சுத்தம் செய்யும்படி மேல்பலகை இருக்க வேண்டும். இதை மறந்து கட்டிய மேடையின் கீழ் முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் தேங்கும், அப்புறம் நாற்றம், அப்புறம் எலி. எதிர்ப்பவர்களுக்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

அடுத்தது விளிம்பு. நடைபாதையும் மேடையும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மேடை விளிம்புக்கல்லோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. அது மாட்டிக்கொள்ள ஒரு அங்குலம் போதும். ஊன்றுகோலின் முனைக்கும் அதே கதை. விளிம்புக்கல்லோ நேர்கோட்டில் இருப்பதில்லை. வருஷக்கணக்கில் கார் டயர் இடித்து இடித்து அங்கங்கே தேய்ந்து, தாழ்ந்து கிடக்கும். எனவே ஒரு அளவு எடுத்துப் பட்டறையில் மேடை செய்து கொண்டுவந்து வைத்தால் ஒருபக்கம் சேரும், மறுபக்கம் வாயைப் பிளக்கும். அடிக்கு அடி அளந்து, உயரம் மாற்றிக்கொள்ளும் திருகுக் கால்களின் மேல் மேடையை ஏற்றி, ஒவ்வொரு காலாகத் திருகி மட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்லெட் கட்டுவதில் தச்சனுக்கு உண்மையான வேலை இங்கேதான். பெஞ்ச் செய்வது சுலபம்.

தாரில் துளைபோட்டு போல்ட் இறுக்கிவிட்டால் ஆடாதே என்று கேட்கலாம். விதி அதை விரும்பவில்லை. தெருவுக்கு அடியில் எரிவாயுக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகின்றன. ஏதாவது உடைந்தால் அன்றைக்கே மேடையை எடுத்தாக வேண்டும், செலவு வைத்தவருடையது. ஆக, ஒரு காரின் எடையைத் தாங்கும் தெருவில், கூட்டமாக ஆட்கள் ஏறினாலும் அசையாத, ஆனால் ஒரே நாளில் கழற்றிவிடக்கூடிய ஒரு பொருளைச் செய்ய வேண்டும்.

தெருப்பக்கம் கைப்பிடிச் சுவரோ தொட்டி வரிசையோ வேண்டும். ஒருவர் பலமாகச் சாய்ந்தாலும் தாங்க வேண்டும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் உயரத்துக்குப் போகக் கூடாது. இரண்டு முனையிலும் மேடையிலிருந்து 4 அடி தள்ளி, கார் டயரைத் தடுக்கும் கட்டைகளும், இருட்டில் ஒளிரும் வளையக்கூடிய கம்பங்களும். பார்க்கிங் செய்கிறவர் பின்னால் எடுக்கும்போது பெஞ்சில் இடிப்பதற்கு முன் கட்டையில் இடிப்பார். தீயணைப்புக் குழாய் முன்னால் வைக்க முடியாது, தெருமுனையை ஒட்டியும் வைக்க முடியாது. வேகம் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகும் தெருவென்றால் வேண்டாம். சரிவு 5 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். மேட்டுத் தெருக்களுக்குப் பேர்போன ஊரில் இந்தக் கடைசி விதியைப் போட்டால் எத்தனை தெரு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டையான கடைவீதிகள் மிஞ்சின.

துணி யார் கையில்

இப்போது பணம். நகரம் கட்டித் தரவில்லை. பார்க்லெட் வேண்டும் என்பவர் விண்ணப்பிக்க வேண்டும்; வரைபடம், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, ஆட்சேபம் வந்தால் விசாரணை. அனுமதி கிடைத்தால் வடிவமைப்புச் செலவு, கட்டும் செலவு, அனுமதிக் கட்டணம் எல்லாம் அவருடையது. பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்து அதில் நகரத்தையும் சேர்க்க வேண்டும். தினமும் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, உடைந்ததை மாற்றுவது அவர் வேலை. மொத்தத்தில் பல்லாயிரம் டாலர், அதற்கப்புறம் முடிவில்லாத சில்லறை வேலை.

பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கும்? காகிதத்தின்படி, ஒன்றும் இல்லை. இருக்கை எல்லோருக்கும் பொது. எதுவும் வாங்காமல் யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மேசைக்கு வந்து பரிமாறக் கூடாது. விளம்பரம் கூடாது. பொது இடம் என்ற அறிவிப்புப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கடைக்குள் போட்டிருக்கும் நாற்காலியைப் போன்ற நாற்காலியை வெளியே போடக் கூடாது, வேறு மாதிரி இருக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி. இந்த விதியை எழுதிய அதிகாரியை எனக்குப் பிடிக்கும். நாற்காலி ஒரே மாதிரி இருந்தால் வழியில் போகிறவர் அதைக் கடையின் சொத்து என்றுதான் நினைப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நாற்காலியின் நிறத்தை மாற்றினால் மட்டும் தயக்கம் போய்விடுமா? செலவு செய்து, தினமும் துடைத்து, ஒன்றும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொள்ள முன்வருகிறவர் யார்? வாசலில் கூட்டம் உட்கார்ந்தால் உள்ளே காபி விற்கும் என்று நம்புகிற கடைக்காரர்தான். அவர் நம்பிக்கை தப்பும் இல்லை. எனவே பார்க்லெட்டுகள் கஃபேக்கள் நெருக்கமாக இருந்த தெருக்களில் குவிந்தன. பெஞ்சே இல்லாத, மரமே இல்லாத, வாடகை குறைந்த பகுதிகளில், அதாவது ரீபாரின் வாதம் மிக அதிகமாகப் பொருந்தியிருக்க வேண்டிய இடங்களில், விண்ணப்பிக்க ஆள் குறைவு. நகரம் யாரையும் தடுக்கவில்லை. துணியை வாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

விலக்குகளும் உண்டு. 2011இல் வேலன்சியா தெருவில் கடை எதுவும் இல்லாத ஒரு வீட்டுக்கு முன்னால் பார்க்லெட் வந்தது. வீட்டுக்காரர் தன் செலவில் வைத்தது. செடியை வளர்த்து வெட்டி உருவாக்கிய ஒரு டைனோசர் அதில் நின்றது, மூன்று கொம்பு வகை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே காபி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடையின் நிழல் விழாத ஒரு பார்க்லெட் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்த ஊரில் இல்லை. ஆனால் தன் பணத்தில் பொதுமக்களுக்கு டைனோசர் வளர்க்கிறவர்களை நம்பி ஒரு நகரத் திட்டம் போட முடியாது.

அதே வருஷம் பவல் தெருவில் இதற்கு நேர்மாறாக ஒன்று. சுற்றுலாப் பயணிகள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் இரண்டு பிளாக் நீளத்துக்கு, வால்டர் ஹூட் வடிவமைப்பில், அலுமினியத்தில் வரிசையாக மேடைகள். பணம் கொடுத்தது ஆடி கார் நிறுவனம். காரிடமிருந்து மீட்ட இடத்துக்குக் கார் கம்பெனி புரவலர்! சிரிக்கலாம்தான். ஆனால் நகரப் பணம் இல்லாதபோது வெளிப் பணம் வந்துதான் தீரும், வருகிற பணத்துக்கு ஒரு முகம் இருக்கத்தான் செய்யும்.

வேலை செய்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிவிசடேரோவில் கார் ஒன்றோ இரண்டோ நின்ற இடத்தில் நாள் முழுக்க மாறி மாறி ஆட்கள் உட்கார்ந்தார்கள். பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்களில் சிலரே பிறகு தங்கள் வாசலுக்கும் கேட்டார்கள். ஒரு காரில் வருகிறவர் ஒருவர் அல்லது இருவர். அவர் இறங்கிப் போன பிறகும் கார் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இந்த எளிய கணக்கு பார்க்லெட்டின் பலம். பத்து வருஷத்தில் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. உலகம் முழுக்க ஊர்கள் அந்தக் கையேட்டை நகலெடுத்தன. ஒரு பெருநகரத்துக்கு ஐம்பது என்பது பெரிய எண்ணிக்கை இல்லைதான்; பேர் பரவிய அளவுக்குப் பொருள் பரவவில்லை.

2020

பிறகு கோவிட். 2020 மார்ச்சில் உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. கோடையில் வெளியே மட்டும் அனுமதி என்றானபோது, சான் பிரான்சிஸ்கோ 'ஷேர்டு ஸ்பேசஸ்' என்ற அவசரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் ஆகும் அனுமதி நாள் கணக்கில் கிடைத்தது. கட்டணம் இல்லை. கடைசியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அனுமதிகள். பத்து வருஷத்தில் ஐம்பது சொச்சம், ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கில்! ஒரே ஒரு விதி தளர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்: இனி மேசைக்கு வந்து பரிமாறலாம்.

அந்த ஒரு வரியில் பொருளே மாறிவிட்டது. மேடைக்குச் சுவர் வந்தது, கூரை வந்தது, விளக்கும் குளிருக்குச் சூடு தரும் அடுப்பும் வந்தன. வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்கும் ஊழியர் வந்தார். பலரின் பிழைப்பைக் காப்பாற்றிய ஏற்பாடு அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெருவில் கார் நிற்காவிட்டால் ஊர் நின்றுவிடாது என்பதைப் பத்து வருஷப் பிரசாரத்தைவிட வேகமாக அது ஊருக்குக் காட்டியது. ஆனால் வழியில் போகிறவர், ஒன்றும் வாங்காதவர், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிக்கிறவர் எங்கே உட்காருவார்?

அவசரத்தில் கட்டியவற்றில் பழைய கையேடு சொன்ன பலதும் விட்டுப்போயிருந்தது. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டியதில் தீயணைப்பு வீரர்கள் கட்டடத்தை நெருங்கவோ ஏணி சாய்க்கவோ வழியில்லை. அதற்காக 20 அடிக்கு ஒருமுறை 3 அடி இடைவெளி விட வேண்டும் என்ற விதி வந்தது. ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. நகரமே அனுமதித்த ஒன்றை நகரமே வெட்டச் சொல்கிறது என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது: விதியைத் தளர்த்தாமல் அவ்வளவு வேகமாகக் கட்டியிருக்க முடியாது, ஏணி போகாத தெருவை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

2021 ஜூலையில் மேயர் லண்டன் பிரீடின் கையெழுத்தோடு திட்டம் நிரந்தரமானது. அந்தச் சட்டம்தான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான ஆவணம், ஏனென்றால் பத்து வருஷமாக வாய்க்குள் மென்றுகொண்டிருந்ததை அது உரக்கச் சொல்லிவிட்டது. பார்க்லெட் இனி மூன்று வகை. முழுக்கப் பொதுவானது ஒன்று. கடை நேரத்தில் மட்டும் மேசை போட்டு இரவில் எடுத்துவிடும் வணிக வகை ஒன்று. நிலையாகக் கட்டிய வணிக வகை ஒன்று. பொதுவானதற்குக் கட்டணம் மிகக் குறைவு, வணிகத்துக்கு அதிகம், நிலையான வணிகத்துக்கு இன்னும் அதிகம். சின்னக் கடைகளுக்குச் சலுகை. வணிக வகையிலும் கடை நடக்காத பகல் நேரத்தில் பொதுமக்கள் உட்காரலாம், கடை நடக்கும்போதும் பொதுவுக்கென்று ஒரு பெஞ்சாவது இருக்க வேண்டும்.

இதைப் பின்வாங்கல் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்பு எல்லாம் பொது என்று பலகையில் எழுதிவிட்டு, கஃபேயின் திண்ணையாக நடந்துகொண்டிருந்தது. இப்போது வணிகம் வணிகம் என்றே எழுதப்பட்டு, தெருவுக்கு உரிய வாடகையைக் கட்டுகிறது. மீட்டர் என்பது வாடகை என்று ரீபார் சொன்னதற்கு, ஒரு விதத்தில், இது நேர்மையான தொடர்ச்சி. குறை வேறு இடத்தில் இருக்கிறது: கட்டணத்தைக் குறைத்தால் பொதுவகைக்கு ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையில். தடையாக இருந்தது எப்போதும் கட்டணம் மட்டும் இல்லை, காப்பீடும் துடைக்கிற துணியும்தான். கட்டணம் கிட்டத்தட்ட இலவசம் என்றாலும் துணி இலவசமாக வருவதில்லை. வணிக பார்க்லெட்டுகளிடம் வசூலாகும் வாடகையை எடுத்து, கஃபே இல்லாத தெருக்களில் நகரமே பெஞ்ச் போட்டு நகரமே துடைத்தால் கணக்கு சரியாகும். திட்டம் அப்படி வரையப்படவில்லை.

வேறு ஊர்களில் அதே பெஞ்ச்

பிரேசிலின் சாவ் பாவ்லோ 2014 ஏப்ரலில் ஓர் ஆணை மூலம் பார்க்லெட்டை நகரக் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. அங்கும் கட்டிப் பராமரிப்பது பெரும்பாலும் தனியார்தான், எல்லோருக்கும் பொது என்ற பலகை கட்டாயம். நோயும் அதேதான்: கடை இருக்கும் இடத்தில் பெஞ்ச் இருக்கும்.

நியூயார்க்கின் கதை அளவில் பெரியது. 2020இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உணவகங்கள் வெளியே வந்தன. 2023இல் நகர மன்றம் நிரந்தர விதி போட்டபோது, சாலையில் போடும் மேசைகள் ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் என்று வரையறுத்தது. அதாவது ஒவ்வொரு குளிர்காலமும் கழற்றி, எங்கோ அடுக்கி வைத்து, வசந்தத்தில் திரும்ப மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும் செலவைப் பார்த்துப் பலர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அரை அங்குலத்துக்கு மட்டம் பார்த்து வைத்ததை வருஷா வருஷம் பிரிப்பது என்றால் என்ன என்பது, திருகுக் காலைக் கையில் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிடித்தது லண்டன் ஹாக்னியில் நடந்தது. 2017இல் அங்கே ஒரு குடியிருப்பாளர் தன் வீட்டுக்கு அருகே பார்க்கிங் இடம் ஒன்றில் பெஞ்ச், செயற்கைப் புல், பூச்செடி எல்லாம் வைத்தார். அவருக்குக் கார் இல்லை. காருக்கு ஓர் இடம் உண்டென்றால் கார் இல்லாதவருக்கும் அதே அளவு இடம் வேண்டாமா என்பது அவர் கேள்வி. ஆனால் அவர் மாட்டிக்கொண்டது சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் தப்பித்த இடத்தில். மீட்டர் யார், என்ன என்று கேட்காது, காசு விழுந்தால் போதும். குடியிருப்போருக்கான பார்க்கிங் பெர்மிட்டோ வண்டி எண்ணைக் கேட்கும். பெஞ்சுக்கு ஏது வண்டி எண்? எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து கேட்டார்கள், கையெழுத்து திரட்டினார்கள். பிறகு ஹாக்னி கவுன்சில் சமூக பார்க்லெட் என்று ஒரு திட்டத்தையே தொடங்கியது. விண்ணப்பிப்பது கடைக்காரர் இல்லை, தெருவில் குடியிருப்பவர்கள். செடிக்குத் தண்ணீரும் அவர்கள்தான் ஊற்ற வேண்டும். இதிலும் சிக்கல் உண்டு: பொறுப்பெடுத்தவர் வீடு மாறிப் போனால் தொட்டி காய்ந்துவிடும், அடுத்த ஆள் வரும்வரை அது தெருவில் ஒரு காய்ந்த தொட்டிதான். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார வருகிறவர் மெனு அட்டையைத் தேட வேண்டியதில்லை.